தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னவர்

பூட்டண்ணே, இப்போதும் ஒரு தாளைக் கையில் எடுத்தால் முதலில் அதன் முதுகைத்தான் பார்க்கிறேன். அன்றைக்கும் பார்த்திருந்தால் நீங்கள் இன்னும் இருந்திருப்பீர்களோ என்னவோ. இருந்தால் இதைப் படித்துவிட்டு, "எதுக்கு பாப்பா இதெல்லாம் ஊருக்குச் சொல்ற?" என்று கேட்டிருப்பீர்கள். சொல்லாமல் இருந்ததால்தான் இம்புட்டும் ஆனது அண்ணே. அதனால் சொல்கிறேன்.

பூட்டண்ணன் என்பது நாங்கள் வைத்த பெயர். கோச்சடையில் மெயின் ரோட்டை ஒட்டிய சின்ன காம்ப்ளெக்ஸில் அவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, எழுமலையிலிருந்து வந்து, சித்தி வீட்டில் தங்கி, அந்த மிஷின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகை மட்டும்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும்.

அப்போது மதுரையில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் கண்ணாடிக் கதவு இருக்கும், உள்ளே யார் உட்கார்ந்து என்ன பார்க்கிறார்கள் என்று ரோட்டில் போகிறவருக்கும் தெரியும். இவர் கடைக் கதவில் உள்பக்கமாகப் பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு துணித் திரை. அவருடைய நாற்காலி மட்டும் வாடிக்கையாளர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி கிடக்கும். கடைக்காரரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கடை அது ஒன்றுதான்.

அதனால் யாருக்கும் அவர் மேல் நம்பிக்கை இல்லை.

"கதவுல பேப்பர் ஒட்டிருக்காப்ல பாத்தியா?" என்று டீக்கடைக்காரர் என்னிடம் கேட்பார். "நல்லவனுக்கு எதுக்குமா பேப்பரு?"

"படிக்கிறதுக்கா இருக்கும்."

"உள்பக்கம் ஒட்டி வச்சு எவன் படிப்பான்? இதுல என்னமோ இருக்கு."

என்னமோ இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. அவர் சௌராஷ்டிரக் குடும்பம். போனில் வீட்டுப் பேச்சில்தான் பேசுவார். அந்த மொழி எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. புரியாததாலேயே ரகசியமாகப் பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "யார்கிட்டண்ணே அம்புட்டு நேரம் பேசுறீங்க?"

"அம்மாகிட்ட. சாப்ட்டியான்னு கேக்குறாங்க. சாப்ட்டேன்னு சொன்னா என்ன சாப்ட்டன்னு கேக்குறாங்க. அதான் நேரமாவுது."

அதை நான் நம்பவில்லை. நம்பாதது மட்டுமில்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து பிளைவுட்டில் சின்ன ஓட்டை போட்டேன். இரண்டு நாள் அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் எழுந்து போன பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் பார்த்தது எழுதியது எல்லாவற்றையும் அழிப்பார். பிறகு ஒரு துணியை நனைத்து கீபோர்டைத் துடைப்பார். "குளிக்க வச்சாச்சு, அடுத்த ஆள் வரலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவ்வளவுதான் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் அந்த ஓட்டையில் ஒரு சூயிங்கம் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பூட்டு என்று பெயர் வந்த காரணம் வேறு. ஈமெயிலைப் பூட்டி அனுப்ப அவருக்குத் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பார். "நீங்க எழுதுறத நடுவுல எவன் பிரிச்சுப் பாத்தாலும் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். போய்ச் சேர்ற ஆளுகிட்ட மட்டும்தான் சாவி இருக்கும்" என்பார். துபாயில் இருக்கும் புருஷனுக்கு எழுத வருகிற அக்காமார் இரண்டு மூன்று பேர் அதைக் கற்றுக்கொண்டார்கள். மாமியார் பற்றி எழுதுவதற்கு அது ரொம்ப வசதி என்று சிரிப்பார்கள்.

ஒருநாள் ஒரு அப்பா வந்தார். தன் மகள் முந்தின நாள் அங்கே வந்து யாருக்கு எழுதினாள் என்று தெரியவேண்டும் என்றார்.

"தெரியாது சார்."

"உன் கடையிலதான எழுதுனா?"

"எழுதினாங்க. நான் சுவத்தப் பாத்து உக்காந்திருந்தேன்."

"டே, நான் அவளைப் பெத்தவன்டா!"

"பெத்தவர்னா பொண்ணுகிட்டயே கேளுங்க சார். கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா நல்லாவா இருக்கும்?"

ஓங்கி ஒரு அறை விழுந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் நான் துள்ளிவிட்டேன். அந்த ஆள் போன பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டே அவர் என் கடை வாசலில் வந்து நின்றார். நான் அவருக்காக வருத்தப்பட்டேனா? இல்லை. அந்தப் பெண் யாருக்கு எழுதியிருப்பாள் என்றுதான் கேட்டேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "உனக்கு எல்லாத்தையும் பாக்கணும்ல பாப்பா?" என்றார்.

உண்மைதான். ஜெராக்ஸ் கடையில் நிற்கிற எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு. பட்டா, விவாகரத்துப் பேப்பர், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஜாதகம் என்று கண்ணாடிக்கு மேல் எது வந்தாலும் படிப்பேன். மூடியைத் திறந்து ஒரிஜினலை எடுக்காமல் மறந்துவிட்டுப் போகிறவர்கள் தினம் நாலு பேராவது இருப்பார்கள். அதையும் சாவகாசமாகப் படிப்பேன். யாருக்கு சர்க்கரை, யாருக்குக் குழந்தை இல்லை, யார் வீட்டில் பங்காளிச் சண்டை என்று எனக்குத் தெரியாதது இல்லை.

அவர் அதை விடமாட்டார். "எழுத்தப் பாக்காத. கோணலா விழுந்திருக்கான்னு மட்டும் பாரு. விட்டுட்டுப் போன தாளா, முகத்தக் கவுத்து வை. வந்து கேட்டா எடுத்துக் குடு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோணலாகவோ மங்கலாகவோ விழுந்து வீணாகிற காப்பிகளை நாங்கள் எறிய மாட்டோம். மறுபக்கம் வெள்ளையாக இருக்குமே. அதை ஒன் சைடு தாள் என்று ஒரு கட்டாக அடுக்கி வைத்து, குறைந்த விலைக்குக் கேட்பவர்களுக்கு அந்த வெள்ளைப் பக்கத்தில் போட்டுத் தருவோம். அந்தக் கட்டைப் பார்த்தாலும் அவருக்குப் பொறுக்காது. "அதுல ஒருத்தர் வீட்டுக் கதை இருக்கும் பாப்பா. அதையும் கவுத்து வை. படிக்காத."

நச்சரிப்பு தாங்காமல் அப்படியே பழகிவிட்டேன். வீணான தாளை எடுப்பேன், கவிழ்ப்பேன், கட்டில் வைப்பேன். கண் போகாது. ஏதோ நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று எனக்கே ஒரு பெருமை.

இதற்கு நடுவில் ஊரில் எங்கள் நிலத்தில் புது ரோட்டுக்குக் கல் நட்டார்கள். அப்பா மனு எழுதி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாசலில் வீசினார். பொறுக்கப் போன அப்பா படியில் விழுந்தார். இடுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து எங்கண்ணன் வேறு ஆளாகிவிட்டான். கூட நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, எரிப்போம் வெட்டுவோம் என்றே பேசிக்கொண்டிருந்தான்.

பூட்டைப் பற்றி அவனிடம் நான்தான் உளறினேன். ஒரு மத்தியானம் அவன் வந்து நேராகப் பிரவுசிங் சென்டருக்குள் போனான். பேசியதெல்லாம் பலகை வழியாக எனக்குக் கேட்டது.

"அண்ணே, யாரும் படிக்க முடியாத மாதிரி அனுப்பலாமாமே? எங்களுக்கு அது வேணும். ஒரே நேரத்துல பத்து ஊர்ல ஆபீஸக் கொளுத்துறோம்ணே. அதுக்கு ஆள் சேக்கணும்."

"ஏன் தம்பி என்கிட்ட சொன்ன?" என்றார் அவர். "நான் கேக்கவே இல்லயே."

"நீங்க என்ன எழுதுறோம்னு பாக்க மாட்டீங்களாமே, தங்கச்சி சொன்னுச்சு."

"பாக்க மாட்டேன். ஆனா நீ காதுல போட்டுட்ட. காதுக்குப் பூட்டு இல்ல."

"பூட்டு என்ன நல்லவனுக்கு மட்டும்தானா?"

"இல்ல. எல்லாருக்கும்தான். உள்ள அருவா இருக்குன்னு நீயே தொறந்து காட்டிட்ட. அதுக்கப்புறம் உனக்குச் சாவி செஞ்சு குடுக்க மாட்டேன்."

"அப்ப நீங்க கவர்மெண்டு ஆளு. சொல்லிர வேண்டியதான?"

"கடைக்கு வர்றவங்க பேர எழுதித் தரலன்னு ஸ்டேஷன்ல என்னைய உன் ஆளுன்னு நினைக்கிறாங்க. நீ என்னைய அவங்க ஆளுங்கற. நான் எங்கதான்யா போய் நிக்க?" அவர் குரல் தணிந்தது. "தம்பி, உங்கப்பா மனுவப் படிக்காம வீசுனான்ல, அது தப்பு. அதக் கேக்கணும், நானும் கூட வாரேன். என் லெட்டர போலீஸ்காரன் பிரிச்சுப் படிக்கிறதும் தப்பு. அதயும் கேக்கணும். ஆனா ஆபீஸ எரிச்சா உள்ள இருக்குற கிளர்க்கு எரிவான். உங்க ஊரு பட்டா பூராம் எரியும். அதுக்கப்புறம் எதக் காட்டி உன் நிலம்னு சொல்லுவ?"

எங்கண்ணன் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே வந்தான். நேராக என் கடைக்கு வந்தான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். "போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா" என்றான். நான் திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுடன் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனே மிஷினை ஓட்டியிருந்தான். கோணலாக விழுந்த சில தாள்களை எங்கள் ஒன் சைடு கட்டின் மேல் போட்டிருந்தான். நான் பழக்கப்படி எடுத்தேன், கவிழ்த்தேன், வைத்தேன். பார்க்கவில்லை.

சில நாள் கழித்துப் பூட்டண்ணன் ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்தார். பிரவுசிங் சென்டருக்கு வருகிறவர் பெயர், ஊர், என்ன பார்த்தார் என்று எல்லாம் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லி ஸ்டேஷனில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் நோட்டில் ஆளுக்கு ஒரு கோடு மட்டும் போடுவார். "பேரு எங்கய்யா?" என்று ஏட்டு கேட்டால், "அவங்கவங்ககிட்ட இருக்கு சார்" என்பார். நோட்டீஸும் அதைப் பற்றித்தான். உங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தை வேறு ஒருவர் பிரித்துப் படித்தால் சும்மா இருப்பீர்களா, ஈமெயிலும் கடிதம்தானே, வாருங்கள் கலெக்டரிடம் மனு கொடுப்போம் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், அமைதியாக வரவும் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

"இருநூறு போடு பாப்பா. ஒன் சைடு தாள்லயே போடு, போதும்."

"அதுல மத்தவங்க கதை இருக்கும்னு நீங்கதானண்ணே சொல்லுவீங்க?"

"குறுக்குக் கோடு போட்டு அடிச்சுட்டுக் குடு."

அடிப்பதென்றால் திருப்பிப் பார்க்கவேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு, கூட்டம் வந்ததால், அடிக்காமலே போட்டுக் கொடுத்தேன்.

அவர் மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் ஏறுகிறவர்களிடம் கொடுத்தார். வாங்கிய யாரோ ஒருவர் தாளைத் திருப்பியிருக்கிறார். மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது.

சாதாரண உடையில் இருந்த ஒரு அதிகாரி அவரை வாசலுக்கு இழுத்து வந்து, நோட்டீஸின் பின்பக்கத்தை முகத்துக்கு நேரே நீட்டினார். என் கடையிலிருந்து நாலடி தூரம். கையால் எழுதியதை எடுத்த காப்பி. தாலுகா ஆபீசைக் கொளுத்துவோம், வெளியே ஓடி வருகிறவனை வெட்டுவோம் என்று கோணலாக விழுந்திருந்தது. ரகரத்தின் வாலை நீளமாக இழுத்து விடுவது எங்கண்ணன் பழக்கம்.

"முன்னாடி மனு, பின்னாடி வெட்டா? யாருடா எழுதுனது?"

பூட்டண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். எங்கள் மிஷினில் உருளை கீறியிருந்தது. அதில் எடுக்கிற எல்லாக் காப்பியிலும் வலது ஓரத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தத் தாளின் இரண்டு பக்கமும் அது இருந்தது. அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை நகர்த்தி அந்தக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"முன்னாடி இருக்குறது நான் எழுதுனது சார். பின்னாடி இருக்குறது நான் எழுதல. அத நான் ஒத்துக்கவும் மாட்டேன்."

"அப்ப யாரு? தெரியுமா தெரியாதா?"

"தெரிஞ்சாலும் இன்னொருத்தர் விஷயத்த நான் சொல்றதில்ல சார்."

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது. அந்த ஒரு பதிலிலேயே அவர் கதை முடிந்தது.

பிறகு அந்த அதிகாரி என்னிடம் வந்தார். "ஏம்மா, பக்கத்துலயே இருக்க. இவன் எப்படி?"

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். "கதவச் சாத்திக்கிட்டு என்னமோ பண்ணுவாரு சார். போன்ல புரியாத பாஷையில பேசுவாரு" என்றேன். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பதாக அவர் சொன்னது ஞாபகம் இருந்தும் அப்படிச் சொன்னேன். அந்தத் தாள் விவகாரம் எங்கள் கடை வரை வராமல் அவரோடு போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். பூட்டண்ணன் ஜீப்பில் ஏறிக்கொண்டே அதைக் கேட்டார்.

சாயங்காலமே எழுமலைக்குப் போனேன். நடந்ததை எங்கண்ணனிடம் சொன்னேன். அவனோடு சேர்ந்தவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருந்தார்கள். "நான் போய்ச் சொல்லிர்றேன். எரிக்காதன்னு என்னையத் திட்டுனவருடி அவரு" என்று சட்டையை மாட்டினான். நான்தான் வாசலில் விழுந்து மறித்தேன். "நீ போனா அப்பா இன்னைக்கே செத்துருவாரு. அவரு படிச்சவரு, எப்படியும் வெளிய வந்துருவாரு." தடுத்தது நான். எங்கண்ணன் கோழை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் பூட்டி வைத்த ஏதோ இருந்ததாம். சாவி கேட்டார்களாம், கொடுக்கவில்லையாம். குண்டு வைக்கும் திட்டம் அதில் இருக்கிறது என்று கோச்சடையே பேசியது. அந்த அக்காமார் பத்திரமாக வைக்கச் சொன்ன கடிதமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாது. இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் உள்ளே இருந்த மாதங்களில் நான் அவருக்காக ஒருநாளும் அழவில்லை. சந்தேகப்பட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுவார், நாளைக்குச் சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் செத்தேன். நானாக இருந்தால் முதல் அடியிலேயே சொல்லியிருப்பேன். அதனால் அவரும் சொல்லுவார் என்று நினைத்தேன்.

ஜாமீனில் வந்தவர் பாதியாக இருந்தார். இருமல் விடாமல் வந்தது. ஒருநாள் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பக்கத்தில் அவர் கடை இருந்த இடத்தில் பிராய்லர் கோழி விற்றுக்கொண்டிருந்தார்கள். காப்பி எடுத்துக் கொடுத்தேன். அப்போதுகூட மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. என் வாயில் வந்தது இதுதான்: "அண்ணே, யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

அவர் ரேஷன் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார். "எதை?"

அவர் இரண்டடி போய்த் திரும்பினார். "உங்கண்ணன் என்ன பண்றான்?"

"டிராக்டர் ஓட்டுதுண்ணே."

"எதையும் எரிக்கலேல்ல?"

"இல்லண்ணே. அப்பா மனுவ மறுபடி எழுதிக்கிட்டு அலையுது."

"நல்லது" என்றார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், என் மேஜை மேல் யாரோ விட்டுப் போன ஒரு ஒரிஜினல் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார். ஒரு விரலால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

கேஸ் முடியும் முன்பே, போன தை மாதம், அந்த இருமலிலேயே போய்விட்டார். துக்கத்துக்கு நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். தெருமுனையில் ஒரு ஆள் வழி கேட்டவரிடம், "அந்தத் தீவிரவாதி வீடா?" என்றார். உள்ளே அவர் அம்மா தன் பேச்சில் ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துத் தமிழில் கேட்டார்கள். "நீ பக்கத்துக் கடையிலதான இருந்த? நீ சொல்லும்மா. எம்புள்ள அப்படி என்ன பண்ணான்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரமே ஊருக்குப் போய் எங்கண்ணனிடம் கேட்டேன். இது உன் விஷயம், உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன், சொல்லட்டுமா என்றேன். டிராக்டரை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு நட்டுவைத்த அந்தக் கல்லைப் பார்த்தான். "சொல்லு. மொதல்ல அந்த அம்மாட்ட சொல்லு. நானும் வாரேன்" என்றான். இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜீப் வந்தால் வரட்டும்.

எங்கண்ணனிடம் கேட்டுவிட்டேன். அந்த அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். பூட்டண்ணனிடம் கேட்க முடியாது. அதனால் அவர் பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை.

இதைப் படிக்கிற எல்லோரும் அவரவர் சாமியிடம் அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. கோச்சடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் என்று சொன்னால் போதும்.